திறந்து வை என்று நான் சொன்ன டப்பா

மாதா துணை
கட்டுமாவடி

அன்பு மகன் ஜெரால்டுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் அப்பாவும் தங்கச்சி ஸ்வீட்டியும் நலம். புனேயில் நீ நலமா என்று கேட்கவே நாக்குக் கூசுகிறது. போனை நீ எடுப்பதில்லை, அதுவும் நியாயம்தான். முன்னாடியே எழுதியிருக்க வேண்டும், எந்த முகத்தோடு எழுதுவது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அப்பா போட்டில் கடலுக்குப் போய்வருகிறார், ஸ்வீட்டிக்குப் பரீட்சை நடக்கிறது, அண்ணன் ஏன் பேசுவதில்லை என்று கேட்டுத் துளைக்கிறாள்.

நான் வறுத்து இடித்து அனுப்பின கூனி இறால் பொடியைத் திறந்தாலே உன் ரூம்காரன் சிவபிரகாஷுக்கு மூச்சு முட்டுகிறது, மூடச் சொல்கிறான் என்று நீ சொன்னபோது நான் என்ன சொன்னேன்? "நம்ம வாடைன்னா கடல் பக்கம் வராத மேட்டுக்காரவுகளுக்கு மூச்சு முட்டத்தான் செய்யும், நடிப்புடா அது, அவன் மொகத்துக்கு நேரா தொறந்து வச்சுத் தின்னு" என்றேன். காலேஜில் என் டிபனைப் பார்த்து மூக்கைப் பொத்தினவளுகள்தான் அன்றைக்கு என் கண்ணில் நின்றார்கள். நீ அம்மா பேச்சைக் கேட்டாய், அவன் ஆஸ்பத்திரியில் படுத்தான்.

புதுக்கோட்டையில் நெஞ்சு டாக்டரிடம் கேட்டேன். இறால் ஓட்டில் இருக்கிற கைட்டினைப் பற்றி விலங்கியல் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினவள்தான் நான், டாக்டர் சொன்னது அதில் இல்லை. அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போனால், மூச்சுக்குழாயில் ஊறுகிற ஒரு நொதி அதைத் துண்டுதுண்டாக வெட்டிப்போடுமாம். வெட்டுப்படாமல் தங்கிவிட்டால் ஏதோ புழு புகுந்துவிட்டது போல உடம்பு சண்டைக்குக் கிளம்பி, குழாய் வீங்கி இறுகிக்கொள்ளுமாம். ஆளுக்கு ஆள் அந்த நொதியின் வேலை மாறும், இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள், இறாலே ஒவ்வாத உடம்பாகவும் இருக்கலாம் என்றார். எதுவானாலும் அது நடிப்பில்லை.

நேற்று இலுப்பூர் போய் சிவபிரகாஷின் அம்மா செவந்தியைப் பார்த்தேன். வாசலிலேயே கருவாட்டுக் குழம்பு மணந்தது, நம் வாடை ஆகாத வீடு என்றல்லவா நான் நினைத்திருந்தேன். "மீன் கருவாடுன்னா எம்புள்ள தட்ட வழிச்சுத் திம்பான்க்கா, இறாத் தூசிதான் ஆகாது, சின்னதுலேர்ந்து இழுப்பு" என்றாள். பிறகு, "டப்பா கைதவறிக் கொட்டிருச்சாம்ல, பாவம் ஒங்க மகன் என்ன செய்வான்" என்றாள். உன்னை அவன் காட்டிக்கொடுக்கவில்லை ஜெரால்டு. அவள் கொடுத்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "எம்புள்ள ஒங்களுக்கு என்னக்கா பண்ணுனான்?" என்று மட்டும் கேட்டாள். கும்பிட்டுவிட்டு வந்து பஸ் ஏறினேன். அவள் என்னை ஓங்கி அறைந்திருக்கலாம், கடைசிவரை வாங்க போங்க என்றுதான் பேசினாள்.

மீதிப் பொடியை இறுகக் கட்டி வெளியே போட்டுவிடு. அறையைப் பெருக்காதே, தூசி எழும்பும், ஈரத்துணியால் துடை. அவன் போர்வையையும் உன் போர்வையையும் வெந்நீரில் அலசிப்போடு. அவன் இன்ஹேலர் எந்தப் பையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன், மாதா உன்னையும் அவனையும் காக்கட்டும். அவன் அறைக்குத் திரும்பி வந்ததும் மன்னிப்புக் கேள், மறந்துவிடாதே. ‘வேணும்னேதான் தொறந்தேன்’ என்று சொல், திறக்கச் சொன்னது அம்மா என்றும் சொல். எனக்காக எதையும் மறைக்காதே.

இப்படிக்கு,
உன் முகம் பார்க்கக் கூசுகிற அம்மா
மரிய செல்வி