விடத் தெரியாத கை

அண்ணே,

"ஏட்டி, இது என் கைதானே? பொறவு ஏன் என் பேச்சைக் கேக்க மாட்டேங்கு?" என்று ஒரு நாள் கேட்டீர்களே, அந்தக் கேள்வி இன்று காலை மறுபடி வந்து நின்றது. ஊறுகாய் பாட்டிலின் மூடியை வெடுக்கென்று திருகினேன். அசையவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். பாண்டி பஜார் பக்கத்து ஜவுளிக்கடையில் இருபது வருஷம் துணி கிழித்த கை உங்களுடையது. கத்தரியால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு, பிறகு சர்ரென்று ஒரே இழுப்பு. கோடு போட்டதுபோல் வரும். பக்கவாதம் வந்த புதிதில் அந்த வலது கை துவண்டு கிடந்தது. சில வாரங்களில் இறுகத் தொடங்கியது. முழங்கை மடங்கி மார்போடு ஒட்டியது. விரல்கள் கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டன. நகம் பதிந்து உள்ளங்கை புண்ணானது. உயிரியல் பாடம் நடத்துகிற நான் அதைப் பார்த்து, வலு திரும்புகிறது என்று சந்தோஷப்பட்டேன். ரப்பர் பந்து ஒன்று வாங்கி வந்து, "அமுக்குங்கண்ணே" என்று நாள் தவறாமல் உங்களைப் பாடாய்ப் படுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற அம்மா அந்தப் பந்தைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தார். "பிடிக்க அவருக்கு நல்லாவே தெரியுதும்மா. விடத்தான் தெரியல. நீங்க வேற இன்னும் பிடி பிடின்னு சொல்லிக்கினு கீறீங்க!"

வீட்டுக்கு வந்து உங்களுக்கு பஸ்ஸை வைத்துச் சொன்னேன். கூட்டத்தில் ஒருவர் திடீரென்று இடித்தால் காலை ஊன்றி எதிர்த்து நிற்கிறோம். மெல்ல நகர்ந்து வந்தால் நம்மை அறியாமலே ஒதுங்கி வழிவிடுகிறோம். தசையும் அப்படித்தான், வேகமாக இழுத்தால் எதிர்க்கும். அந்த எதிர்ப்பை அடக்கிவைக்கும் மூளையின் கட்டளைதான் உங்களுக்கு அறுந்துபோயிற்று.

"அப்போ கண்டக்டர் இல்லாத பஸ்ஸுன்னு சொல்லு" என்றீர்கள்.

அந்த வைகாசியில் உங்கள் மகளுக்குக் கல்யாணம். தாரை மட்டும் என் கையால்தான் வார்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். இடது கையை யாரும் ஒப்ப மாட்டார்கள். தினமும் வெந்நீர்த் துணி சுற்றி, ஆஸ்பத்திரி அம்மா காட்டியபடி மணிக்கட்டை மடித்துப் பழகினோம். வீட்டில் அது விரிந்தது. ஆனால் மண்டபத்தில் மேளமும் அத்தனை கண்களும் சேர்ந்தால் பதற்றத்தில் கை இன்னும் இறுகும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

மணவறையில் மகளின் கையை நீங்கள் உங்கள் கையில் ஏந்த வேண்டும். மதினி செம்போடு தயாராக நின்றாள். உங்கள் முஷ்டி திறக்கவில்லை. ஐயர், "முகூர்த்தம் போயிண்டிருக்கு, வேற யாராவது உட்காருங்கோ" என்றார். மாப்பிள்ளையின் சித்தப்பா, "என்ன சம்பந்தி, பொண்ணக் குடுக்க மனசில்லையோ?" என்று சிரித்துக்கொண்டே உங்கள் விரல்களைப் பற்றி இழுத்தார். கை துள்ளி மார்போடு ஒட்டிக்கொண்டது. அவர் இன்னும் பலமாக இழுத்தார். உங்கள் நெற்றியில் வியர்வை. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நம் தம்பி எழுந்து வேட்டியைச் சரிசெய்தான், உங்கள் இடத்தில் உட்கார.

நீங்கள் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னீர்கள்: "ஏட்டி, அவரைக் கையெடுக்கச் சொல்லு."

"விடுங்க" என்றேன். வகுப்பில் வரும் குரல் வந்துவிட்டது. சித்தப்பா விட்டுவிட்டார்.

விரல்களை நான் முதலில் தொடவே இல்லை. முழங்கையைத் தாங்கிக்கொண்டு, மணிக்கட்டை உள்பக்கமாக மெல்ல மடித்தேன். விரல்களை மூடிவைக்கும் தசைநாண் அப்போதுதான் தொய்யும். காத்திருந்தேன். ஐயர் தொண்டையைக் கனைத்தார். "சீக்கிரம்க்கா" என்று தம்பி என் காதருகே கெஞ்சினான். அவசரப்பட்டால் எல்லாம் போயிற்று என்று எனக்குத் தெரியும். மேளக்காரரைப் பார்த்துத் தலையசைத்தேன். சத்தம் அடங்கியது. உங்கள் மூச்சு நீண்டது. முதலில் சுண்டுவிரல் தளர்ந்தது. பிறகு மற்றவை. கட்டைவிரலை அடியிலிருந்து விலக்கினேன். உள்ளங்கை வெளியே வந்தது.

மகள் கை உங்கள் கையில். மாப்பிள்ளை கை அதோடு சேர்ந்தது. மதினி நீர் வார்த்தாள். குளிர்ந்த நீர் பட்டதும் உங்கள் விரல்கள் சட்டென்று மூடி, இருவர் கையையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. சித்தப்பாவைப் பார்த்துக் கோணிய வாயால் சொன்னீர்கள்:

"இப்ப இழுங்க, பாப்போம்."

மண்டபமே சிரித்தது. நான்தான் தூணுக்குப் பின்னால் போய் அழுதேன்.

நீங்கள் போகும்வரை அந்தக் கை தானாக விரிந்ததே இல்லை. ஒவ்வொரு காலையும் யாராவது உட்கார்ந்து திறந்துவிட வேண்டியிருந்தது. எனக்கு மிச்சம் ஒன்று இருக்கிறது. பதில் வராமல் விழிக்கிற பிள்ளையிடம் "சொல்லு, சொல்லு" என்று அதன்பிறகு நான் அவசரப்படுத்தியதில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வலது கையை இறுக மூடி, இடது கையால் அந்த மணிக்கட்டை உள்பக்கமாக மெதுவாக மடித்து, பிடி தானே தளர்கிறதா என்று பாருங்கள்.