மாருதியில் குடிவந்த பூச்சிகள்

மல்லேஸ்வரம், பெங்களூர்
17 செப்டம்பர் 2000

சிரஞ்சீவி ஸ்னேஹாவுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் கௌரவம் மட்டும்தான் மூன்று வாரமாகப் படுத்த படுக்கை. அங்கே உன் சௌக்கியத்தை விவரமாக எழுது, தந்தி கொடுப்பதுபோல நாலு வார்த்தையில் முடித்துவிடாதே. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, மாடிப்படி ஏறுவதில்லை, அதனால் மாடி வேலையெல்லாம் என் தலையில். இந்தக் கதையே அங்கேதான் ஆரம்பம்.

உன் ஜூலைக் கடிதத்தின் கடைசி வரியில், மாருதி கார் சும்மாதானே நிற்கிறது, விற்றுவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை அம்மா என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். கம்ப்யூட்டரில் தேதி மாற்றும் வேலை முடிந்ததும் வந்துவிடுவேன், அதுவரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டு அமெரிக்கா போனவள் நீ. தேதி மாறி எட்டு மாதம் ஆகிறது. இருந்தாலும் குழந்தை சொல்லிவிட்டாள் என்று நாலு பேரிடம் சொல்லிவைத்தேன். அத்திபெலேயிலிருந்து ஷங்கர் என்று ஒரு பையன் இரண்டு பஸ் மாறி வந்தான், ஏதோ தொழிற்சாலையில் சூப்பர்வைசர், மரியாதையான பிள்ளை. நான் பெண்ணைக் காட்டுகிற தகப்பன்போல முன்கதவைத் திறந்தேன். ஸ்டியரிங் மேல், சீட்டு மேல், கண்ணாடி மேல் எங்கு பார்த்தாலும் கறுப்பாக ஏதோ ஊர்கிறது. அவன் ஓர் அடி பின்னால் நகர்ந்து, என்னா ஸார் இது, வண்டி பூரா ஹுளா ஓடுதே என்றான். அந்தப் பூச்சி என்ன ஜாதி என்று கண்டுபிடித்து ஒழித்துவிட்டுக் கூப்பிடுகிறேன், இரண்டு வாரம் பொறு என்று வாக்குக் கொடுத்து அனுப்பினேன்.

மாடிவீட்டு வெங்கடகிருஷ்ணன் எட்டிப் பார்த்து, கரையான் ஸார், வயரையெல்லாம் தின்னுடும் என்று பயமுறுத்தினார். நான் சம்மதிக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் பொதுப்பணித்துறையில் பாலங்களில் விரிசல் தேடியவன், ஒரு பூச்சியை அடையாளம் காண முடியாதா? நாலைந்தைப் பிடித்து ஹோமியோபதி மாத்திரைக் குப்பியில் போட்டுப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். அதோடு என் புத்தி கெட்டது. யானைக்கு இருப்பதுபோல நீண்ட மூக்கு, முதுகில் புள்ளி. இந்த ஊர்ப் பூச்சியாக இருக்கவே முடியாது என்று தீர்மானித்துவிட்டேன். கப்பன் பார்க் லைப்ரரியில் மூன்று நாள் படம் பார்த்தேன். நீ ஏப்ரலில் அனுப்பிய ஸ்வெட்டர் பார்சலை அந்தக் காரில் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தது, ஆகவே இது அமெரிக்காவிலிருந்து வந்த பருத்திப் பூச்சி, தேசத்துக்கே ஆபத்து என்று விவசாய இலாகாவுக்கு ஆறு பக்கம் அறிக்கை எழுதினேன், படம் போட்டு, பாகங்களுக்கு எண் கொடுத்து. ரிஜிஸ்டர் தபாலில் வேறு அனுப்பித் தொலைத்தேன். இன்னும் பதில் வரவில்லை, வராமல் இருக்க வேண்டுமே என்று இப்போது தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

அறிக்கை போன மறுநாள், காபி ஆறிப்போகிறது என்று கூப்பிட வந்த அம்மாவிடம் குப்பியையும் பூதக்கண்ணாடியையும் பெருமையாக நீட்டினேன். அவள் கண்ணாடியை வாங்கக்கூட இல்லை. இதுக்கு இவ்வளவு அமர்க்களமா, அரிசி வண்டுன்னா இது என்றாள். அப்புறம் ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டு, அன்னிக்கு அரிசியை மொட்டைமாடியிலேதானே காய வெச்சேள் என்று கேட்டாள். இல்லை ஸ்னேஹா, மாடியில் வைக்கவில்லை. ஆகஸ்டில் மூட்டை அரிசியில் வண்டு வந்துவிட்டது, வெயிலில் பரப்பினால் ஓடிவிடும் என்று அம்மா என்னிடம் ஒப்படைத்தாள். நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இரண்டு படி ஏறினேன், மூச்சு வாங்கியது. வானமும் மூட்டமாக இருந்தது. மழை வந்தால் நனையாது, புறா கொத்தாது, மூடிய காருக்குள் நல்ல சூடு என்று என்ஜினீயர் மூளை வேலை செய்தது. பின்சீட்டில் பழைய வேஷ்டி விரித்து அரிசியைக் கொட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டு வந்து தூங்கினேன். சாயங்காலம் அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தால் அரிசியில் ஒரு வண்டு இல்லை. எவ்வளவு சுத்தமா பண்ணியிருக்கேள் என்று அம்மா பாராட்டினாள், நானும் வாங்கிக்கொண்டேன். அவ்வளவு வண்டும் எங்கே போயிற்று என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அறுபத்துமூன்று வயதுவரை நான் சாதத்தைத்தான் பார்த்திருக்கிறேன், அரிசியைப் பார்த்ததில்லை என்று அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

அப்புறம் சீட்டையெல்லாம் கழற்றி, இடுக்கில் கிடந்த அரிசியைப் பொறுக்கி, வேப்பிலை போட்டு, நாலு நாள் முதுகொடியத் துடைத்தேன். ஒரு வண்டு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஷங்கர் மறுபடி வந்தான், கார் பளபளவென்று நின்றது. இனிமேல்தான் நான் உன்னிடம் சொல்ல வேண்டியது. சாவியை அவன் கையில் கொடுக்கப் போனவன், என்ன தோன்றியதோ, தம்பி, இந்தப் பூச்சி என்ஜினுக்குள் முட்டை வைத்திருக்கிறது, மாதாமாதம் கிளம்பும், உனக்குத் தெரியாமல் விற்க என் மனசு ஒப்பவில்லை என்று ஒரு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டேன். பாவம் அவன், உங்களை மாதிரி யோக்யமானவங்களைப் பாக்கறதே அபூர்வம் ஸார் என்று கும்பிட்டுவிட்டுப் போனான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஜன்னலில் நின்றிருந்த அம்மா திட்டப் போகிறாள் என்று உள்ளே போனேன். அவள் திட்டவில்லை, என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா இன்னும் நன்னா சொல்லிக் குடுத்திருப்பேனே என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே துடைத்தாள்.

நேற்று ஷங்கருக்கு ஃபோன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டேன். நல்ல பையன், விழுந்து விழுந்து சிரித்தான், தீபாவளிக்குள்ள சொல்லுங்க ஸார், எடுத்துக்கறேன் என்றான். ஆகையால் விற்பதில் இப்போது ஒரு தடையும் இல்லை, நீ எழுதினால் அந்த வாரமே கொடுத்துவிடுகிறேன். ஆனால் ஸ்னேஹா, நீ அங்கேயே இருந்துவிடுவதாக முடிவு செய்திருந்தால் அதை எங்களுக்கு நேராக எழுது. எனக்குக் கோபம் வராது, துக்கம் வரும், அதை நாங்கள் இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்வோம். காரைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு மீதியை அப்பாவே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று மட்டும் விட்டுவிடாதே. நான் கண்டுபிடிக்கிற லட்சணம்தான் உனக்கு இப்போது தெரியுமே.

தலையில் ஈரத்தோடு வெளியே போகாதே, ராத்திரி தயிர் சாப்பிடாதே. எங்கே இருந்தாலும் நீ க்ஷேமமாக, தைரியமாக, நூறு வயசு இருக்க வேண்டும். பதிலைச் சீக்கிரம் போடு, அம்மா தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலிலேயே நிற்கிறாள். நானும்தான்.

இப்படிக்கு, உன் க்ஷேமத்தையே கோரும் அப்பா
அனந்தபத்மநாபன்