ஏறும்போது வியர்க்கக் கூடாது

ஜனவரி 14, செவ்வாய்

நூலகக் கூட்டத்தின் நடுவில் மறுபடியும் அந்தச் சூடு. நெஞ்சிலிருந்து காது வரை. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். வெளியே மைனஸ் பன்னிரண்டு.

"ஹோசுமி சான், எங்களையெல்லாம் மீன் மாதிரி உறைய வைக்கப் போறீங்களா?" என்றார் உடன் வேலை செய்யும் குராமோச்சி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாதவிடாய் நிற்கும் காலம், இன்னும் இரண்டு மூன்று வருடம் இப்படித்தான் என்கிறார் டாக்டர்.

ஜனவரி 19, ஞாயிறு

லிஃப்ட் இல்லாத மலை; ஸ்கீ மாட்டி நடந்தே ஏறி, சறுக்கி இறங்க வேண்டும். வழக்கமான நால்வர். ஒன்பது வருடமாக முன்னால் போய்ப் பனியை மிதித்துத் தடம் போடுவது நான்தான். நடுங்கிக்கொண்டே கிளம்பு, ஏறும்போது வியர்க்காதே, நனைந்தது நின்றதும் உறையும் — புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதும் நான்தான்.

பத்தாவது நிமிடத்திலேயே உள்சட்டை நனைந்துவிட்டது. நின்று மாற்றியிருந்தால் போதும். முதல் ஓய்வு ஒரு மணி நேரம் கழித்துத்தான். அதற்கு முன் யாரும் நிற்கச் சொல்வதில்லை. முன்னால் போகிறவள் எப்படிச் சொல்வது?

ஜனவரி 20

இருமல். அடுத்த மாதப் பெரிய பயணத்துக்கு யார் முன்னால் என்று இன்னும் முடிவாகவில்லை. உடம்பைப் பற்றிச் சொன்னால் என்னை வரிசையின் கடைசியில் போட்டுவிடுவார்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

ஒரு சட்டை குறைத்துப் போட்டுக்கொண்டு போனேன். அப்படியும் நனைந்தது. முகட்டில் காற்று. ஏறும்போது வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டிய பட்டையை உரிக்க விரல் மடங்கவில்லை. குழுத் தலைவர் குகா வந்து உரித்தார். என் ஜாக்கெட் ஜிப்பையும் குழந்தைக்குப் போடுவதுபோல் தாடை வரை இழுத்துவிட்டார்.

"பேசாதீங்க, பல்லு தந்தியடிக்குது."

காரில் கேட்டார், "உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

ஏன் பொய் சொன்னேன்? முகட்டில் விழுந்திருந்தால் மூன்று பேர் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். சே.

ஜனவரி 28

குகாவுக்கு போன் செய்தேன். தாளில் எழுதிவைத்துப் படித்தேன். "எனக்கு நாப்பத்தெட்டு வயசு. திடீர் திடீர்னு உடம்பு கொதிக்குது. முன்னால போக வேற ஆளப் பாருங்க."



"ஞாயித்துக்கிழமை நீங்களே போங்க. எங்க நிக்கணுமோ அங்க நில்லுங்க. அப்புறம் பாக்கலாம்," என்றார்.

பரிதாபமா? தெரியவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

மைனஸ் பதினாறு. காற்றில்லை. இருபதாவது நிமிடத்தில் சூடு ஏறியது. நின்றேன்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க. சட்டை மாத்தணும்."

மாற்றி முடிக்கும்போது பின்னால் ஜிப் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக. திரும்பினால் குகா வெறும் உடம்போடு உள்சட்டையைப் பிழிந்துகொண்டிருக்கிறார். தோளிலிருந்து ஆவி.

"என்ன பாக்கறீங்க? எனக்கு எப்பவுமே நனையும். நீங்கதான் நிக்கவே மாட்டீங்களே."

"போன வருஷம் எனக்கு ரெண்டு தடவ காய்ச்சல்," என்றான் நால்வரில் இளையவனான எஞ்ஜோஜி, மாற்றுச் சட்டை தேடித் தலையைப் பைக்குள் விட்டபடி.

ஒன்பது வருடம். ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானும் ஒருநாள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னும் இரண்டு முறை நிறுத்தினேன். உச்சிக்கு முக்கால் மணி தாமதம். மேலே நின்றபடியே நூடுல்ஸ் சாப்பிட்டோம். கீழே இறங்க யாரும் அவசரப்படவில்லை.