21 = 3(x + 2)

14.7.2003, திங்கள்
பத்தாம் வகுப்பு மாதத் தேர்வில் பாதிப் பேர் கணக்கில் ஃபெயில். தலைமையாசிரியர் சுந்தரலிங்கம் சார் கூப்பிட்டார். "முக்கியமான கணக்கா மனப்பாடம் பண்ண வைங்க, ஜெபராணி டீச்சர். அரையாண்டுலயும் தேறாததுகளுக்கு டி.சி. குடுத்து பிரைவேட்டா எழுதச் சொல்லிருவோம்."
மனப்பாடம் பண்ணித்தானே இந்தக் கதி?

16.7.2003
3(x + 2) = 21 என்று எழுதினேன். மளமளவென்று போட்டார்கள். அதையே 21 = 3(x + 2) என்று திருப்பி எழுதினேன். எல்லாப் பேனாவும் நின்றுவிட்டது.
"இந்த மாதிரி நீங்க நடத்தலையே டீச்சர்" என்றாள் பவுனு.
பயமாக இருக்கிறது. ஆனாலும் எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிட்டது.

4.8.2003, திங்கள்
அதே கணக்கை இரண்டு வழியில் பக்கத்துப் பக்கத்தில் போட்டேன். ஒன்றில் அடைப்பை விரித்து, மற்றதில் முதலிலேயே மூன்றால் வகுத்து. எது சுலபம்? வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை.
"வகுத்தா சட்டுனு முடிஞ்சுருது" என்றாள் ஜக்கம்மா.
21ஐ அழித்து 20 எழுதினேன்.
"ஐயோ, எடுத்ததுமே பின்னம் வருது! இதுக்கு விரிக்கிறதுதேன் நல்லது."
கணக்கைப் பார்த்து வழியை மாற்றுகிறாள்! மதியம் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

22.9.2003
"ஒரு வழியே ஏறாததுகளுக்கு ரெண்டு வழியா?" என்று சார் கேட்டார். அரையாண்டு வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

10.10.2003
பவுனு இந்த வாரம் முழுக்க வரவில்லை. ஏலக்காய் எடுக்க ஜீப்பில் கேரளா போகிறாளாம். சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கருத்தம்மாள் வாசலிலேயே சொல்லிவிட்டார்: "ஃபெயிலாப் போற பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு டீச்சர்? எஸ்டேட்டுக்கு வந்தா கூலியாச்சும் கிடைக்கும்."
"அரையாண்டு வரைக்கும் அனுப்புங்க. அவ தேறுவா."
என்ன தைரியத்துல சொன்னேன்? தேறலைன்னா மூஞ்சிய எங்கிட்டுக் கொண்டுபோயி வைப்பேன்? — இல்லை. தேற வைக்கணும். அவ்வளவுதான்.

13.10.2003
பவுனு வந்துவிட்டாள்.

22.12.2003
அரையாண்டுத் தாள்கள். பவுனு ஒரு கணக்கை விரித்துக்கொண்டே போய், சிக்கலானதும் பாதியில் அடித்துவிட்டு, வகுத்துப் போட்டிருக்கிறாள். நான் பக்கத்தில் நின்று சொல்லித் தரவில்லை. அவளாகவே திரும்பியிருக்கிறாள்! நாற்பத்தொரு மார்க், தேறிவிட்டாள்.
ஜக்கம்மாவும் இன்னும் இரண்டு பேரும் தேறவில்லை. அவர்கள் தாள்களையும் சாரின் மேசையில் வைத்தேன். "விடை தப்பு சார். ஆனா எப்படி யோசிச்சிருக்காங்கன்னு பாருங்க."
வெகுநேரம் புரட்டினார். "சரி, பொதுத்தேர்வ இங்கனயே எழுதட்டும்."

2.6.2004, புதன்
ரிசல்ட்டில் ஜக்கம்மா மட்டும் கணக்கில் கோட்டை விட்டுவிட்டாள். மறுதேர்வுக்கு நாளை முதல் என் வீட்டில் உட்காருகிறோம். அழவில்லை அவள், "எந்தக் கணக்குல விட்டேன்னு எனக்கே தெரியும் டீச்சர்" என்றாள்.
பதினொரு மணிக்குக் கருத்தம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார், இன்றைய எஸ்டேட் கூலியை விட்டுவிட்டு. பின்னால் பவுனு.
"இவ பிளஸ் ஒன்னுல கணக்கு குரூப்புதேன் வேணும்ங்கறா டீச்சர். குடுப்பாகளா?"
"வாங்க, கேட்போம்" என்று சாரின் அறைக்குக் கூட்டிப்போனேன்.