அருவிக்கு முன்னால் நீங்கள் மூவரும்

புவனோஸ் அயர்ஸ்,
ஆகஸ்ட் 11

அன்புத் தங்கை நிமியாவுக்கு,

அக்கா சுனில்டா எழுதுகிறேன். நான் இங்கே சுகம். நீயும் உன் வீட்டுக்காரர் சிரிலோவும் என் பிள்ளைகளும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் பேசினால் நீ போனை மேசைமேல் வைத்து வீடே கேட்கும்படி விட்டுவிடுகிறாய். சின்னவன் டெர்லிஸ் கேட்கக் கூடாததை நான் எங்கே பேசுவது? வெள்ளிக்கிழமை பேருந்தில் நம் ஊர் வில்லாரிக்காவுக்கு வரும் செவேரியானாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

என் முதலாளியம்மா டோனா ஹெபேவுக்கு மறுபடி கால் வீங்கிவிட்டது. குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, தூங்கவைக்கும்வரை என்னை நகரவிடுவதில்லை. அவள் பெற்ற மகள் ரொசாரியோவில் இருந்துகொண்டு ஞாயிறுதோறும் போனில் முத்தம் கொடுக்கிறாள். சிரிலோவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? மூட்டை தூக்க வேண்டாம் என்று சொல். அரசெலிக்குப் பல்லில் கம்பி கட்டும் டாக்டரைப் பார்த்தீர்களா?

இகுவாசு அருவிப் படங்கள் வந்தன. எல்லாவற்றையும் பார்த்தேன். பேருந்தில் பார்த்தேன், சமையலறையில் பார்த்தேன், கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டும் பார்த்தேன். அந்த நீள மூக்குக் கோவாத்தி அரசெலியின் பையிலிருந்து சிப்பா ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறதே, அந்தப் படத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான், அங்கே நான் இல்லை என்பது உறைத்தது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த அருவியைப் பிள்ளைகளுக்கு நான் காட்டுவதாக இருந்தேன். டெர்லிஸ் கைக்குழந்தையாக இருந்தபோதே அரசெலியிடம் சொல்லியிருக்கிறேன், உனக்கும் தெரியும். எல்லை தாண்டத் தாயின் கையெழுத்து வேண்டும் என்று நீ கேட்டபோது, அரை நாள் விடுப்பு எடுத்துத் தூதரகத்தில் வரிசையில் நின்று போட்டுக் கொடுத்தேன். கையெழுத்துக்கு மட்டும் தாய் நான். குளிர்கால விடுமுறைக்கு எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்றால் என்கார்னசியோன் ஆற்றங்கரை இல்லையா? அது போதாதா, நான் காட்ட வைத்திருந்த இதையும் நீ காட்ட வேண்டுமா?

நீ போட்டிருக்கும் சிவப்புக் கம்பளிச் சட்டை என்னுடையது. அலமாரியில் விட்டுவந்தேன். எடுத்துக்கொள் என்று நான்தான் சொன்னேனோ என்னவோ, நினைவில்லை. உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ரயிலடிக்குப் பக்கத்துக் கடையில் நான்கு படங்களைத் தாளில் போடக் கொடுத்தேன். கடைக்காரர் நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. நீங்கள் மூவரும் நீல மழைக்கோட்டில் தொப்பலாக நனைந்து நிற்கும் படத்தை எடுத்து, "பையனப் பாருங்க, அப்படியே அம்மா சிரிப்பு!" என்றார். உன் முகத்தில்தான் விரலை வைத்தார். "நான்தாங்க அம்மா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அப்புறம் உறையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் டோனா ஹெபே கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதே படத்தைக் கேட்டு வாங்கினாள். "ஏண்டி சுனி, இவ பெத்தவ மாதிரியே நிக்கிறாளே! உன் தங்கச்சி சாமர்த்தியசாலிதான்" என்றாள். கிழவிக்கு வேண்டுமென்றே குத்திப் பேசத் தெரியாது. அதுதான் இன்னும் எரிந்தது.

அன்று சாயங்காலம் டெர்லிஸ் போனில் வந்தான், நீ அடுப்படியில் இருந்தாய். அருவி எப்படி இருந்தது கண்ணா என்றேன். "ரொம்ப சத்தம், சுனிம்மா. பயந்துட்டேன். அம்மா கையப் புடிச்சிக்கிட்டாங்க, அப்புறம் பயமில்ல" என்றான். நீ அம்மா. நான் சுனிம்மா. பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிடுகிற அம்மா எந்த ஊரில் இருக்கிறாள் நிமியா? உன்னைச் சித்தி என்று கூப்பிடச் சொல்லிக்கொடுக்க உனக்கு ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லையா? உனக்குக் குழந்தை தங்காமல் போனபோதெல்லாம் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவள் நான். ஆனால் அவனைப் பெற்றதும் நான்தான். இந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

போனை வைத்ததும் தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன். உன்னை அந்தப் படத்திலிருந்து வெட்டியெடுக்க உட்கார்ந்தேன். ஆமாம், உன்னைத்தான். தலை, தோள், மழைக்கோட்டுக்குள் எட்டிப்பார்த்த சிவப்புச் சட்டை எல்லாம் சுளுவாக வந்துவிட்டன. டோனா ஹெபே நாற்காலியிலிருந்து, "அந்தப் பொண்ணு உனக்கு என்னடி பண்ணினா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் வெட்டிக்கொண்டே போனேன். முழங்கைக்குக் கீழே வந்ததும் கத்தரி நின்றுவிட்டது. அவன் உன் விரல்களைச் சும்மா பிடித்திருக்கவில்லை, இறுக்கிச் சுற்றியிருக்கிறான். உன் கையை எடுக்க வேண்டுமானால் அவன் விரல்களையும் சேர்த்து வெட்ட வேண்டும். விளக்குக்குக் கீழே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேறு வழி இல்லை.

அதுவரை அவன் சிரிப்பதை மட்டும்தான் பார்த்திருந்தேன். எவ்வளவு பயந்திருந்தான் என்பது அந்தக் கையில்தான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து அதே கடைக்குப் போய் அதே படத்தை மறுபடி போடச் சொன்னேன். "முன்ன குடுத்தது என்ன ஆச்சுங்க?" என்றார். சூப் கொட்டிவிட்டது என்றேன். இப்போது அது என் கட்டிலுக்கு மேலே இருக்கிறது, முழுசாக. காலையில் கண் விழித்தால் நீயும்தான் தெரிகிறாய். சில நாள் அது பிடிக்கிறது, சில நாள் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுகிறேன். பொறாமை போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன்.

ரொசாரியோ மகள் டிசம்பரில் வந்து தாயைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருகிறேன், பிள்ளைகளிடம் இப்போதே சொல்லாதே. போன தடவை பேருந்து நிலையத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? டெர்லிஸ் உன் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். நீ அவன் முதுகில் கை வைத்து, "போடா, போய் முத்தம் குடு" என்று என் பக்கம் தள்ளினாய். எனக்காகத்தான் செய்தாய், தெரியும். அவன் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. இந்தத் தடவை அவனைத் தள்ளாதே. உன்னை ஒட்டிக்கொண்டே நிற்கட்டும். நான் பெட்டியை வைத்துவிட்டு, உங்கள் பக்கம் நடந்து வருகிறேன்.

குளிர் இன்னும் விடவில்லை, அந்தச் சட்டையைப் போட்டுக்கொள். மாதா உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும்.

உன் அக்கா,
சுனில்டா