பிக்கப் மேல் கட்டிய வீடு

வியாழன். விடாத மழை.

பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றிவைத்த தகரக் கூண்டு வீட்டை வாங்கிக் கழற்றிப் போக இன்று ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற தன்லியினிலிருந்து பர்மாக்காரர் ஊ தேய்ன் ஒரு ஆளோடு வந்தார். ஊர் ஊராகப் போய் அதிலேயே தங்கலாம் என்று என் வீட்டுக்காரர் ஆசையாகக் கட்டியது. வண்டி எங்கள் தாமுவே பேட்டையைத் தாண்டியது இரண்டே முறை. மற்றபடி என்னோடு சண்டை வந்தால் அவர் போய்ப் படுக்கிற இடம் அது. வாசலில் நிற்கிற வண்டிக்குள் புருஷன் படுத்திருப்பதைத் தெருவே பார்க்கிறது. விற்றுத் தொலையுங்கள் என்று மூன்று வருஷமாக நான் கத்திய பிறகு போன வாரம்தான் சம்மதித்தார்.

ஏன் விற்கிறீர்கள் என்று ஊ தேய்ன் கேட்டார். என் வீட்டுக்காரர் எனக்குக் கேட்கும்படியே பர்மியப் பேச்சில் இளித்துக்கொண்டு சொன்னார். "நான் பக்கத்துல இல்லாட்டி இவளுக்குத் தூக்கம் வரமாட்டேங்குது, ஊ தேய்ன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போல்ட்டில் ஸ்பானர் வைத்த ஆளைத் தடுத்தேன்.

"கழட்டாதீங்க. விக்கல."

"நீதானடி விக்கச் சொன்ன?" என்றார் இவர்.

"இப்ப வேணாங்கறேன். இனிமே தினமும் அதுலயே படுங்க."

ஊ தேய்ன் முனகிக்கொண்டே போனார். இவருடைய தலையணையையும் போர்வையையும் கூண்டுக்குள் வீசினேன். கொசுவலையைக் கொடுக்கவில்லை. அவர் படுத்ததிலிருந்து கொசுவைப் பட் பட்டென்று அடிக்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. நன்றாகக் கடிக்கட்டும்.

கொஞ்ச நேரமாகச் சத்தத்தைக் காணோம். எழுந்து போய்ப் பார்க்க மாட்டேன்.