சிவப்புப் பொட்டு வைத்த டம்ளர்

இன்று காலை என் மகள் நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உன் டம்ளரின் அடியில் நீ நெயில் பாலிஷால் வைத்த சிவப்புப் பொட்டு நினைவுக்கு வந்தது.

கருப்பை வாயில் புற்று என்று தெரிந்த வாரமே அதை வைத்தாய். டம்ளர், தட்டு, கரண்டி, எல்லாவற்றுக்கும் அடையாளம். தாராவியில் உங்களுக்கு இருந்ததே ஒரே அறை. அதிலும் உனக்கென்று ஒரு மூலையைப் பிரித்துக்கொண்டாய்.

"என்னட்டி இது கூத்து?" என்று கேட்டேன்.

"வைரஸால வர்றதாம்லா. அவியளுக்கு ஒட்டிரப்பிடாதுட்டி" என்றாய்.

உன் மாமியார் ஒருபடி மேலே போய், "எங்க போயி வாங்கிட்டு வந்தாளோ" என்று குழாயடியில் நாலு பேர் கேட்கச் சொன்னார். ஒன்றுக்கு ஒன்பதாய்த் திருப்பிக் கொடுக்கிறவள் நீ. அன்று குடத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வந்தாய். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செம்பூரிலிருந்து ஒரு லேடி டாக்டர் பேச வந்தார். நம் சபை வழக்கம் உனக்குத் தெரியுமே. கர்ப்பப்பை என்று அறிவிப்பு வந்தால் போதும், ஆண்கள் பக்கம் மொத்தமும் அரை கிளாஸ் கட்டிங் சாய் குடிக்கக் கிளம்பிவிடும். அன்றும் எழுந்தார்கள். டாக்டர் விடவில்லை.

"ஜென்ட்ஸ் எல்லாம் உட்காருங்க. இந்த வைரஸ் உங்ககிட்டயும் இருக்கலாம்."

திரையில் ஆணுக்கு ஒரு பத்தி, பெண்ணுக்கு ஒரு பத்தி. அந்த வைரஸில் பல வகை உண்டாம், எண்தான் பெயர். புற்றுநோய் வரை கொண்டுபோகிற பதினாறும் பதினெட்டும் பெண்கள் பக்கம் இருந்தன. ஆண்கள் பக்கமும் அதே பதினாறு, அதே பதினெட்டு. எழுந்து, ஒரே டம்ளரில் குடித்தால் ஒட்டுமா என்று கேட்டேன்.

"ஒட்டாதும்மா. உறவுல வர்றது இது. ஆம்பளைங்களுக்குப் பெரும்பாலும் வெளிய ஒண்ணும் தெரியாது. எப்பவோ வந்து வருஷக்கணக்கா உள்ளயே இருந்திருக்கலாம். யார் யாருக்குக் கொடுத்தாங்கன்னு சொல்லவே முடியாது."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இதில் பாவம் என்றே ஒன்று இல்லையாம். பழி மட்டும் உன்னோடு கல்லறை வரை வந்தது. இதைக் கேட்க நீ இல்லையே என்று அங்கேயே அழுதேன்.

உன் வீட்டுக்காரர் கடைசி பெஞ்சில் இருந்தார். மறுநாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார்.

"அந்த டம்ளர் ஒங்கிட்டதான இருக்கு?"

உன் மாமியார் குப்பையில் போட இருந்ததை நீ போன அன்றே எடுத்து வந்திருந்தேன். கொடுத்தேன். கவிழ்த்து அந்தப் பொட்டைப் பார்த்தார். அதிலேயே காபி கேட்டார்.

"கடைசி வரைக்கும் இதத் தொட விடல அவ" என்றார். "நானும் தப்பிச்சோம்னுல்லா இருந்தேன், தங்கச்சி."

போகும்போது டம்ளர் என்னிடமே இருக்கட்டும் என்றார்.

டம்ளரில் இருக்கும் பாலிஷைத் துடைத்துவிடவா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அதுதான். நேற்று உன் மாமியார் வந்து தண்ணீர் கேட்டார். அவருக்கும் அதில்தான் கொடுத்தேன். டம்ளரை உயர்த்தி அடியைப் பார்த்துவிட்டு, முழுவதையும் குடித்து முடித்தார்.